சுவரை உடைக்காமல் கை ஷவர்

கேள்வி: மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிறோம். மேலே நிலையாக உள்ள ஷவருக்குப் பதில் கை ஷவர் மாட்டினால் சுவரை உடைக்க வேண்டுமா? பக்கத்து வீட்டில் மாட்டியதும் இணைப்பில் சொட்டுகிறதாம்.
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உடைக்கவே வேண்டாம். பழைய ஷவர் தலையை மட்டும் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். அப்போது சுவரிலிருந்து வரும் குழாயை இன்னொரு ரெஞ்சால், துணி சுற்றி, அசையாமல் பிடிக்க வேண்டும். அது திரும்பிவிட்டால் கசிவு சுவருக்குள் போய்விடும். டைல் ஊறிய பிறகுதான் தெரியவரும்.

இங்கே வழக்கமான மரை அரை அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு). என்.பி.டி. எனும் அமெரிக்கக் குழாய் மரையிலும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். அதனால் ஏறுவதுபோல் ஏறும். ஆனால் மரையின் கோணம் பி.எஸ்.பி.யில் 55 டிகிரி, என்.பி.டி.யில் 60. சொட்டாமல் என்ன செய்யும்? எந்த மரை என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, குழாய் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் ஐந்தாறு சுற்று வெள்ளை டேப் (குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்) சுற்றி, கை ஷவரின் தாங்கியை முடுக்குங்கள். ஹோஸ் நட்டுக்கு டேப் தேவையில்லை; உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் நீரை அடைக்கிறது. பக்கத்து வீட்டில் பெரும்பாலும் வாஷர் விழுந்திருக்கும், அல்லது கோணலாக உட்கார்ந்திருக்கும். கையால் இறுக்கினால் போதும், ரெஞ்ச் போட்டால் வாஷர் நசுங்கும்.

உட்கார்ந்து குளிக்க 1.5 மீட்டர் ஹோஸ் சில வீடுகளில் எட்டாது, அளந்து வாங்குங்கள். கை ஷவரின் தலையை வாளித் தண்ணீரில் மூழ்கவிடாதீர்கள். அழுத்தம் குறைந்தால் அழுக்கு நீர் குழாய்க்குள் உறிஞ்சப்படும். கைப்பிடியில் நிறுத்தும் பொத்தான் இருந்தாலும், குளித்ததும் சுவர்க் குழாயையே மூடுங்கள். இல்லாவிட்டால் ஹோஸ் என்றாவது வெடிக்கலாம்.