வார்ஃபரின் சாப்பிடும் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் தேய்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சர்க்கரை உண்டு. இதயத்துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஊருக்குப் போய்வந்த அத்தை, ஊட்டியிலிருந்து ஒரு மூலிகைத் தைலம் கொண்டுவந்தார். மூன்று வாரமாகத் தேய்க்கிறோம், நன்றாகக் கேட்கிறது என்கிறார் அம்மா. இப்போது தெரிந்தவர் ஒருவர் 88 வெள்ளிக்கு வேறொரு தைலம் தருகிறேன், அது “எச்எஸ்ஏ அப்ரூவ்டு” என்கிறார். கூடவே ஒரு பொட்டலம் மாத்திரை இனாம். நொச்சி இலை ஒத்தடமும் நல்லது என்கிறார்கள். எதைச் செய்வது? — வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஒத்தடம் கொடுங்கள். இனாம் மாத்திரையை அம்மாவின் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். ஊட்டித் தைலத்தை இன்றிரவு தேய்க்க வேண்டாம். முதலில் பாட்டிலை எடுத்து, அதில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஊட்டிக் கடைகளில் இரண்டு எண்ணெய்கள் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஒன்று யூக்கலிப்டஸ் இலையில் இறக்கும் நீலகிரித் தைலம். மற்றொன்று விண்டர்கிரீன். இதே விண்டர்கிரீனைச் சில லேபிளில் ‘கந்தபூரத் தைலம்’ என்றும், சிலவற்றில் ‘கால்தீரியா எண்ணெய்’ என்றும் போட்டிருப்பார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். அது ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெயில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். ‘100% இயற்கை’ என்று லேபிளில் எழுதியிருப்பது பொய்யில்லை. இலையிலிருந்து வந்ததுதான். வார்ஃபரினுக்கு அது இலையிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்ற கவலை கிடையாது.

தோலுக்கு மேலே தேய்ப்பது உள்ளே போகாது என்று பலரும் நினைக்கிறார்கள். சாலிசிலேட் நன்றாகவே உள்ளே போகும். வயதானவர்களின் தோல் மெலிந்தது. அதில் அழுத்தித் தேய்த்து, சூடு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளோ முழங்கால் உறையோ போட்டால் இன்னும் அதிகமாக இறங்கும். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. சாலிசிலேட் சேர்ந்தால் அந்தத் தாமதம் எல்லை மீறலாம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் ஏறலாம். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், இடித்துக்கொண்ட நினைவே இல்லாத இடத்தில் நீலக் கன்றல், சிவந்த சிறுநீர், தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவை அடையாளம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் வீடுகளில் இருக்கும் கோடாலித் தைலம், வலி ஸ்பிரே, ஒட்டும் பிளாஸ்டர் பலவற்றிலும் இதே சாலிசிலேட் உண்டு. தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் ஒரு சொட்டு வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டு முழங்காலிலும் இடுப்பிலும் தினம் மூன்று வேளை, வாரக்கணக்கில் தேய்ப்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்று வாரம் தேய்த்துவிட்டீர்கள். அந்த இடைவெளியில் கிளினிக்கில் ஐஎன்ஆர் பார்த்து வார்ஃபரின் அளவைக் குறைத்தார்களா? குறைத்திருந்தால், தைலத்தை நிறுத்தியதும் அந்தக் குறைந்த அளவு போதாமல் போகலாம், ரத்தம் கட்டிக்கொள்ளலாம். எனவே பாட்டிலில் விண்டர்கிரீனுக்கு மேலே சொன்ன பெயர்களில் ஒன்றோ மெத்தில் சாலிசிலேட் என்றோ இருந்தால், தேய்ப்பதை நிறுத்திவிட்டு மறுநாளே ரத்த உறைவு கிளினிக்குக்கு போன் செய்யுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரை அளவை வீட்டில் நீங்களாக மாற்றவே கூடாது. பலதுறை மருந்தகத்தில் “வேறு மருந்து ஏதாவது?” என்று கேட்பார்கள். தைலத்தை மருந்தென்று யார் நினைக்கிறார்கள்? “இல்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். “உடம்பில் என்ன தேய்க்கிறீர்கள்?” என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

அடுத்து அந்த 88 வெள்ளிக்காரர். தைலம், பாம், பாரம்பரிய மருந்து போன்றவற்றை இங்கே விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் (எச்எஸ்ஏ) முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. ஆக, “எச்எஸ்ஏ அப்ரூவ்டு மூலிகைத் தைலம்” என்று ஒருவர் சொன்னால், பொருளைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் ஆளைப் பற்றித் தெரிந்துவிடுகிறது. சீன மருத்துவர்களைப் பதிவுசெய்ய 2000-லேயே சட்டம் வந்தது. சித்தம், ஆயுர்வேதம் பார்ப்பவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இங்கே இன்றுவரை இல்லை. நன்றாகப் படித்த வைத்தியரும், போன வாரம் வரை மளிகைச் சாமான் விற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். நம் சமூகம் இதை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தில் தைலம் வெறும் சாக்கு. வேலை செய்வது அந்த இனாம் மாத்திரை. தேய்மான வலிக்கு எந்த மூலிகையும் ஓர் இரவில் கேட்பதில்லை. படுத்து எழுந்ததும் படிக்கட்டு ஏறுகிறார் என்றால், பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். மூட்டுவலிக்கு ‘மூலிகை’ என்று விற்ற பொருள்களில் இதைக் கண்டுபிடித்து ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சர்க்கரை ஏறும், பசி கூடும், முகம் உருண்டையாகும். “அம்மா சதைபோட்டு நன்றாக இருக்கிறார்” என்று உறவினர் சொல்லும்போது நடப்பது பல சமயம் இதுதான்.

இதுவரை ‘நிறுத்துங்கள்’ என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவோ உங்களுக்குத் தெரிந்த வேறு பெரியவரோ இப்படிப்பட்ட மாத்திரையை ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டு வந்தால், இதைப் படித்த வேகத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருந்து அதை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. ஓரிரு நாளில் கடும் அசதி, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், மயக்கம் வரலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ அதே நேரத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மீதி மாத்திரையோடு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார். ஆள் துவண்டு விழுந்தால் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று பொட்டலத்தை ஒளித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி ஒத்தடம். இரண்டு கைப்பிடி நொச்சி இலையை ஈரம் போகத் துடைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். இலை துவளும்போது இறக்கிவிட வேண்டும், கருகக் கூடாது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து மூட்டையாகக் கட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம், அவர் “சூடு போதும்” என்று சொல்வதை நம்ப முடியாது. உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் மூட்டையை வைத்துப் பத்து எண்ணுங்கள். நீங்கள் தாங்கினால்தான் அவருக்கு. ஒரே இடத்தில் வைத்திருக்காமல் வைத்து வைத்து எடுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். ஆறினால் மறுபடி சட்டியில்தான் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே இளஞ்சூடாகத் தெரியும், நடுவில் கொதிக்கும். தோல் வெந்துபோவது இதில்தான். தேக்கா சந்தையில் நொச்சி கிடைக்காத நாளில் கல்லுப்பை வறுத்துக் கட்டினாலும் போதும். பலனில் பாதிக்கு மேல் சூட்டுக்குத்தான்.

பாம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கூடாது. பச்சைப் பூண்டு அரைத்துப் பற்றுப் போடுவதும் எருக்கம்பால் தடவுவதும் வேண்டவே வேண்டாம், இரண்டும் தோலைப் புண்ணாக்கும். ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ எதையும் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய் தேய்த்தே ஆகவேண்டும் என்றால் வெறும் நல்லெண்ணெய் போதும். இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து 10 மில்லி. கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, சில்லின் மேல் அழுத்தாமல் அதைச் சுற்றியும் தொடையின் முன்பக்கத்திலும் பத்து நிமிடம் நீவிவிடுங்கள். கடையில் வாங்கிய தைலமாக இருந்தால், முதல்முறை முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தேய்த்து முடித்ததும் உள்ளங்கால்வரை கடலைமாவு போட்டுத் துடைத்துவிட வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறை ஓட்டில் எண்ணெய்க் காலோடு கால்வைத்தால், முழங்கால் வலியோடு போனவர் இடுப்பெலும்பு முறிவோடுதான் வெளியே வருவார். தேய்க்கும் நாற்காலி குளியலறைக்கு வெளியே இருக்கட்டும், செருப்பு நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.