கேளுங்கள், சொல்கிறோம்: குதிரை வண்டிகள்

கேள்வி: துரை பங்களாச் சுவரில் பழைய படமொன்று தொங்குகிறது. ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம். இருவர் முன்னே பார்த்தும், இருவர் பின்னே பார்த்தும் இருக்கிறார்கள். சாரட் இதுதானா? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: கல்யாண ஊர்வல வண்டி முதல் எல்லாவற்றையும் சாரட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் படத்தில் இருப்பது டொக்கார்ட். முதுகோடு முதுகு ஒட்டிய இருக்கைதான் அடையாளம். இருக்கையின் அடியில் பெட்டி தெரிகிறதா? வேட்டை நாய்களை ஏற்றச் செய்தது அது. காற்றுப் போக பக்கப் பலகையில் இடுக்குகள் விட்டிருப்பார்கள். பின்பலகையைச் சாய்த்தால், பின்னால் இருப்பவர்கள் கால் வைக்க அதுவே ஆகும்.

இரு சக்கரத்தில் இருவர் மட்டும் முன்பார்த்து இருந்தால் கிக். சாரதி பின்னால் உயரத்தில் இருந்து ஓட்டினால் ஹேன்சம். 1834இல் காப்புரிமை பெற்றது. நான்கு சக்கரமென்றால் கூரையைப் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு மடிப்புக் கூரைகள், எதிரெதிர் இருக்கைகள் என்றால் லேண்டோ. பின்னால் ஒரே மடிப்புக் கூரை, முன்னே தனியாகச் சாரதி இருக்கை என்றால் விக்டோரியா. கண்ணாடிக் கதவோடு முழுக்க மூடிய சிறு வண்டி புரூம்.

கேள்வி: இறம்பொடை மாதிரி இறக்கத்தில் வண்டியை எப்படி அடக்கினார்கள்? (வாசகர், நானுஓயா)

பதில்: குதிரையின் பின்தொடையைச் சுற்றி ஒரு வார் போகும். இறக்கத்தில் வண்டி முன்னே தள்ளும்போது அந்த வாரில் சாய்ந்துதான் குதிரை தாங்கும். வார் தளர்ந்திருந்தால் வண்டி குதிரையின் காலில் இடிக்கும், அது மிரண்டு ஓடும்.

இரு சக்கர வண்டியில் இன்னொரு தொல்லை: இறக்கத்தில் பாரம் ஏர்க்கால் (குதிரையின் இரு பக்கமும் நீளும் வண்டித் தண்டு) வழியே குதிரையின் முதுகில் அழுத்தும். ஏற்றத்தில் ஏர்க்கால் மேலே கிளம்பி வயிற்றுவாரை இழுக்கும். அதனால்தான் பல டொக்கார்ட்களில் இருக்கையை நகர்த்தலாம். இறக்கத்தில் பின்னுக்கு, ஏற்றத்தில் முன்னுக்கு.

கனத்த நான்கு சக்கர வண்டிக்குப் பின்சக்கரத்தின் அடியில் சங்கிலியில் கட்டிய இரும்புச் செருப்பை வைப்பார்கள். சக்கரம் சுழலாமல் அதன்மேல் வழுக்கி வரும். சங்கிலி நீளம் கூடினால் சக்கரம் செருப்பைத் தாண்டி உருண்டுவிடும். பிறகு பிடிக்க ஒன்றுமில்லை. செருப்பே வைக்காமல் சக்கரத்தை வெறுமனே கட்டினால் இரும்புப் பட்டா ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். இறக்கம் முடிந்ததும் குதிரையைச் சற்றுப் பின்னுக்கு நடத்தினால் செருப்பு கழன்றுவிடும். வெறுங்கையால் தொடக்கூடாது, கொதிக்கும்.

கேள்வி: கிரகரி வாவியோரச் சவாரிக் குதிரையை வண்டியில் பூட்டலாமா? (வாசகர், நுவரெலியா)

பதில்: உடனே கூடாது. கண்மறைப்பும் சேணமும் போட்டு, நீளக் கடிவாளத்தோடு பின்னால் நடந்து பழக்குங்கள். அடுத்து ஒரு மரக்கட்டையை இழுக்க விடுங்கள். பின்னால் வரும் சத்தத்துக்கு மிரளாத பிறகே வெறும் வண்டி, அதுவும் சமதரையில்.