தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

மருத்துவமனை டிஸ்சார்ஜ் பதிவுகளைப் பிரித்து எண்ணுவதுதான் பல வருடமாக என் வேலை. டாக்டர் இல்லை, அதனால் மருந்தின் அளவெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

புதுசு: எதைத் தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன் என்கிறீர்கள்?

ஆஸ்துமா, இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலை), சர்க்கரை நோயின் சிக்கல்கள் போன்றவை. வெளியிலேயே நேரத்தோடு நன்றாகக் கவனித்திருந்தால் இவற்றில் பல, வார்டு வரை வந்திருக்காது. குடல்வால் அழற்சி இதில் சேராது, அதை யாரும் முன்கூட்டித் தடுக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஜான் பில்லிங்ஸ் குழுவினர் நியூயார்க் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வகை அட்மிஷன்கள் ஏழைப் பகுதிகளில் பல மடங்கு அதிகம். குடல்வால் போன்றவற்றில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றை மறக்காதீர்கள்: இது ஒரு பகுதியை அளக்கிற கோல். தனி ஆள் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

மகன்: அப்பா போன மாதம் இதயச் செயலிழப்பில் அட்மிட் ஆனார். நான் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாமா அக்கா?

தம்பி, இதைத்தான் மேலே சொன்னேன். ஆயிரம் அட்மிஷனைப் பார்த்து "இதில் ஒரு பங்கு குறைந்திருக்கும்" என்று சொல்லலாம். அந்தப் பங்கில் உங்கள் அப்பா உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பதிவு எனக்கு மறக்கவே மறக்காது. நோயாளியின் மனைவி தினமும் காலையில் அவர் எடையைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். 61, 61, 62, 63.5, 64. ஐந்தாம் நாள் இரவு படுக்க முடியாமல் மூச்சிரைப்பு, அட்மிஷன். சில நாளில் எடை இப்படி ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்குகிற நீர். அந்த அம்மா தன் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார். எந்த எண்ணைத் தாண்டினால் யாருக்குப் போன் செய்வது என்பதை மட்டும் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவின் டாக்டரிடம் அந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நீர் மாத்திரை: எடை ஏறினால், நீரை வெளியேற்றும் மாத்திரையை நானே கூட்டிக்கொள்ளலாமா?

டாக்டரைக் கேளுங்கள்.

கிளினிக் நர்ஸ்: எங்களிடம் அடிக்கடி வருகிறவர்கள்தான் அதிகம் அட்மிட் ஆகிறார்கள். அப்படியானால் நாங்கள் எதற்கு?

நல்ல கேள்வி. நோய் முற்றியவர் கிளினிக்குக்கும் அதிகம் வருவார், வார்டுக்கும் அதிகம் போவார். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 9 மருத்துவமனைகளில் 1396 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒரு பிரிவுக்குக் கூடுதல் கவனிப்பு. 1996இல் முடிவு வந்தபோது, கவனித்த பிரிவில்தான் மறு அட்மிஷன் அதிகம்! ஆனால் அவர்களுக்குத் திருப்தியும் அதிகம். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கோளாறும் கூடுதலாகக் கண்ணில் படும் என்பது என் கணிப்பு.

அதனால் எத்தனை தடவை வந்தார் என்பதை விட, யாரைப் பார்த்தார் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 62 முதல் 82 வயதுள்ளவர்களை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் ஒரே டாக்டரைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை அட்மிஷன் குறைவு. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் நான் நம்புகிறேன்.

பெரியவன்: பாட்டியின் நிமோனியா அட்மிஷன் தவிர்த்திருக்கக்கூடியதா?

மகனுக்குச் சொன்ன பதில்தான்.

கணக்கன்: சும்மா சும்மா அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறார்கள். கட்டணம் போட்டால் எல்லாம் சரியாகும்.

இரண்டு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். தேவையில்லாமல் வருகிறவர் வேறு, தாமதமாக வந்து அட்மிட் ஆகிறவர் வேறு. நான் எண்ணுவது இரண்டாமவரை. கட்டணம் போட்டால் அவர் இன்னும் தாமதமாக வருவார்.

கணக்கன்: அது உங்கள் ஊகம்.

ஊகமா? 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதையே சோதித்தது. சில குடும்பங்களுக்குச் சிகிச்சை இலவசம், மற்றவர்கள் கையிலிருந்து ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்தார்கள், சரி. ஆனால் தேவையில்லாததையும் தேவையானதையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்கு இலவசப் பிரிவில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது.

இரவு டியூட்டி: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அது வாயுவா மாரடைப்பா என்று ஈசிஜி எடுக்கும் வரை எங்களுக்கே தெரியாது, கணக்கன் சார். அவருக்கு எப்படித் தெரியும்?

இவர் சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

கணக்கன்: ராண்ட் பழைய கதை. அடிக்கடி வரும் சிலரை மட்டும் பிடித்துக் கவனித்தாலாவது செலவு குறையுமே?

இதற்குப் புதிய கதையே இருக்கிறது. நியூஜெர்சியின் கேம்டனில் அப்படித்தான் செய்தார்கள், உலகமே பாராட்டியது. 800 பேரை வைத்துச் சோதித்து 2020இல் முடிவு சொன்னார்கள். 180 நாளில் மறுபடி அட்மிட் ஆனவர்கள் கவனித்த பிரிவில் 62.3 சதவீதம், மற்றதில் 61.7. மோசமான வருடத்தில் ஒருவரைப் பிடித்தால் அடுத்த வருடம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தணியும். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லையென்றால் அந்தத் தணிவை நம் சாதனை என்று எழுதிக்கொள்வோம். நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

கணக்கன்: அப்போ எதுவும் வேலை செய்யாது என்கிறீர்கள்.

அப்படிச் சொல்லவில்லை. கணக்கன், போதும். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

அத்தை: மாமாவின் அட்மிஷன்...

மகனுக்குச் சொன்ன பதில்.

பேத்தி வீடு: பேத்திக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இருந்தும் இந்த வருடம் மூன்று தடவை அட்மிட். என்ன செய்வது?

இரண்டு விஷயம். இன்ஹேலரில் இரண்டு வகை. மூச்சு முட்டும்போது மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடுவது ஒன்று, தினமும் எடுத்து அதன் வீக்கத்தை அடக்குவது மற்றொன்று. உடனே பலன் தெரிவதால் முதல் வகையை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தால் அதுவே எச்சரிக்கை.

அப்புறம், அவள் அழுத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாய் ஓரத்தில் புகை மாதிரி வெளியே வருகிறதா? அப்படியானால் மருந்து காற்றோடு போகிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தால் பெரும்பாலும் சரியாகும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு இன்ஹேலரையும் எடுத்துப்போய், அவர் எதிரிலேயே ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.