பனிக்காலத்தில் ஒரு தூண்டில்காரர் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் மிசிசாகாவில் இருக்கிறேன். கனடா வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் கம்பம். முல்லைப் பெரியாற்றில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டே வளர்ந்தவன். இங்கே வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. மே முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறு வீட்டில் தங்க மாட்டேன். ஒன்று ஆற்றங்கரை, இல்லையென்றால் புரூஸ் ட்ரெயிலில் நடை. போன கோடையில் ஃப்ளை ஃபிஷிங்கும் கற்றுக்கொண்டேன்.

பிரச்சினை நவம்பரில் ஆரம்பிக்கிறது. ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இருப்பது 14ஆவது மாடி ஃபிளாட். ட்ரெட்மில் வாங்கினேன், இப்போது அதில் துணி காய்கிறது. மற்றபடி யூடியூபில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக உடுத்திக்கொண்டு வெளியே போ என்கிறார்கள். போகிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ய உருப்படியாக ஏதாவது உண்டா? ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். அவளும் கூட உட்காரும்படி இருந்தால் நல்லது.

க., மிசிசாகா

அன்புள்ள க.,

ட்ரெட்மில்லில் துணி காய்வதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வேலையை ஓர் உடற்பயிற்சி சைக்கிள் பார்த்தது. காட்டு நடையிலிருந்து காட்டைக் கழித்துவிட்டு நடையை மட்டும் மிச்சம் வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? யூடியூப் அதற்கு நேர் எதிர். ஆறு, மரம், மீன் எல்லாம் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். வெளியே போக முடியாததற்கு ஈடாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஏக்கம் கூடத்தான் செய்யும். வெளிவேலையிலேயே வீட்டுக்குள் செய்ய வேண்டிய பாதி ஒன்று உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி வேலை ஓய்ந்த நாளில் கயிறு திரிப்பார், கலப்பையைச் சரிபார்ப்பார், விதையைப் பிரித்து வைப்பார். தூண்டில்காரருக்கும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஃப்ளை கட்டப் பழகுங்கள்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தூண்டில் முள்ளில் இறகு, ரோமம், நூல் வைத்துக் கட்டி அதை ஒரு நீர்ப்பூச்சி மாதிரி ஆக்குவதுதான் ஃப்ளை. ட்ரவுட் மீன் அதை நம்பி வாயைத் திறக்க வேண்டும். முள்ளைக் கவ்விப் பிடிக்க மேசை விளிம்பில் மாட்டும் சின்ன வைஸ், நூல் சுற்றிய பாபின், கூரான கத்தரிக்கோல், கொஞ்சம் இறகு. பட்டறை இவ்வளவுதான். முள்ளின் எண்ணில் மட்டும் ஆரம்பத்தில் குழப்பம் வரும். 12ஆம் எண்ணைவிட 16ஆம் எண் முள் சின்னது. நம் ஊர் நூல் கவுண்ட் மாதிரிதான், எண் ஏற ஏற நூல் மெலியும்.

நீங்கள் கம்பம் என்று எழுதியதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேகமலைப் பக்கம் விடிகாலையில் கூவும் காட்டுச்சேவலின் கழுத்து இறகைப் பார்த்திருக்கிறீர்களா? உருக்கிய மெழுகு சொட்டி உறைந்தது போல வெளிர்மஞ்சள் பொட்டுகள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்கென்று கட்டிய பகட்டான ஃப்ளைகளில், இரண்டு பக்கமும் கண் மாதிரி வைத்துக் கட்டியது அந்த இறகைத்தான். நம் மலைக்காட்டுச் சேவல் கப்பலேறி ஸ்காட்லாந்து ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறது. அதன் அறிவியல் பெயர் காலஸ் சோனராட்டி. புதுச்சேரியில் இருந்த சோனராட் என்ற பிரெஞ்சு இயற்கையாளரின் பெயர் அது. இன்று நம் நாட்டில் அதை வேட்டையாடக் கூடாது, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது. இங்கே கடையில் கிடைப்பது வளர்ப்புச் சேவலின் இறகு. மயில் பீலியும் ஃப்ளைக்கு அருமையான சரக்கு, ஆனால் ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் செருகிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து அதை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.

இறகுப் பித்து முற்றினால் எதுவரை போகும் என்பதற்கும் கதை உண்டு. 2009 ஜூனில் இங்கிலாந்தில் ட்ரிங் ஊர் அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போன ஒரு புல்லாங்குழல் மாணவர் 299 பறவைத் தோல்களை அள்ளிக்கொண்டு போனார். சிலவற்றை டார்வின் காலத்து இயற்கையாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸே சேகரித்திருந்தார். எல்லாம் பழைய சால்மன் ஃப்ளைகளைக் கட்டுபவர்களிடம் விற்கத்தான். நீங்கள் அந்தத் தெருப் பக்கமே போக வேண்டாம்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு ஃப்ளையைக் கட்டுங்கள். ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப். நிம்ஃப் என்றால் இறகு முளைக்கும் முன் தண்ணீருக்குள் வளரும் இளம்பூச்சி. ஃபிராங்க் சாயர் என்பவர் இங்கிலாந்தில் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்தவர், அவருடைய வேலை இது. இரண்டே பொருள்: ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழை, மெல்லிய செம்புக் கம்பி. நூல்கூடக் கிடையாது. கட்டுவதும் கம்பிதான், தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும் எடையும் கம்பிதான். நாலு இழையை எடுத்து நுனி மட்டும் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி, மிச்சத்தைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முன்பக்கம் கம்பியாலேயே ஒரு சின்னத் திமில் வைத்து, இழையை அதன்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால் முடிந்தது. எழுதினால் மூன்று வரி. முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வந்து சேர்ந்தது பூச்சி மாதிரி இல்லை, காதுக்குள் விட்டு எடுத்த பஞ்சு மாதிரி இருந்தது.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து ஆசையாகச் சுற்றிக்கொண்டே வந்து முள்ளின் கண்வரை, அதாவது நரம்பு கோக்கும் துளைவரை, அடைத்துவிடுவோம். முடிச்சுப் போட இடமிருக்காது, கண்ணுக்கு மேலேயே முடிச்சு விழும். அதன்மேல் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் தீர்ந்தது கதை. என் முதல் பனிக்காலத்தில் நாற்பது ஃப்ளை கட்டி, அழகாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். இங்கே பல ஆறுகளில் ட்ரவுட்டுக்கு ஏப்ரல் நான்காம் சனிக்கிழமைதான் திறப்பு. விடிவதற்குள் ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் நதியில் போய் நின்றுவிட்டேன். விரல் மரத்துப்போகும் குளிர். ஒரு ஃப்ளையின் கண்ணிலும் தூண்டில் நரம்பு நுழையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், எல்லாம் குருடு. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தொப்பியிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்தார். அவருக்கும் ஒரு முதல் பனிக்காலம் இருந்திருக்கும். ஆகவே கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். வார்னிஷ் காய்வதற்குள் ஊசியால் ஒரு குத்துக் குத்திவிடுங்கள்.

இன்னொன்றும் ஜனவரியில் நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் மேசையில் கட்டும் இந்தப் பூச்சி இப்போது செத்துப்போய்விடவில்லை. மே ஈ என்று சொல்கிறார்களே, இறகு முளைத்து வெளியே வந்தபின் அதற்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆயுசு. அதற்கு முன்னால் பல இனங்கள் ஒரு வருடம் போலத் தண்ணீருக்குள் கல்லைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. ஆற்றின்மேல் பனிக்கட்டி மூடியிருக்கும் இந்த நேரத்திலும் அடியில் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஏப்ரலில் முதலில் கையில் கிடைக்கும் கல்லைப் புரட்டிப் பாருங்கள், நீங்கள் கட்டியது எவ்வளவு பருமன் என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு எப்போதும் இரண்டு மடங்கு பருமன்.

அப்புறம், இதனால் காசு மிச்சம் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொய் பிப்ரவரி தாண்டாது.

தினமும் கட்ட முடியாது, கண் வலிக்கும். மற்ற நாளுக்கு வரைபடம். கனடா அரசின் இயற்கை வளத்துறை 1:50,000 அளவு நிலவரைபடங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளத் தருகிறது. இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். நீங்கள் நடந்த புரூஸ் ட்ரெயிலிலேயே ஆரம்பியுங்கள். ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் பக்கம் உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுத்துப்போயிருக்கும். போன கோடையில் உங்களுக்கு மூச்சு வாங்கிய இடம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு மெல்லிய நீலக் கோடுகளைப் பென்சிலால் பின்தொடருங்கள், பெயரே போடாத ஓடைகள் எவ்வளவு என்று தெரியும். ரோடு குறுக்கே போகும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஆனால் பாலம் இருக்கிறதே என்று இறங்கிவிடக் கூடாது, இரண்டு பக்கமும் தனியார் நிலமாக இருக்கலாம். அதை விசாரிப்பதற்கும் பனிக்காலம்தான் தோது.

ஜன்னலில் தீவனம் வைத்துப் பறவை எண்ணுகிற ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பைப் பலர் சொல்வார்கள். நல்ல காரியம்தான். 1976இல் இந்த ஒன்டாரியோவில் ஆரம்பித்தது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடக்கும். 14ஆவது மாடிக்குத் தோதுப்படாது. தோட்டம் வைத்த வீட்டில் நண்பர் யாராவது இருந்தால் மகளை அங்கே கூட்டிப்போய் எண்ண வையுங்கள்.

மகள் என்றதும் மெகன் பாய்ட் ஞாபகம் வருகிறார். ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சின்ன வீட்டில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க சால்மன் ஃப்ளை கட்டியவர். அன்று இளவரசராக இருந்த சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். ஆனால் அந்த அம்மா மீன் பிடித்ததே கிடையாது. 1971இல் அரசி பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி வாங்கப் போகவில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு ஆற்றங்கரை பிடிக்காவிட்டாலும் மேசை பிடிக்கலாம்.

அவளுக்கு ஃபெசன்ட் டெய்ல் வேண்டாம், இழை பொடி. வூலி பகர் என்று ஒரு ஃப்ளை இருக்கிறது. 8ஆம் எண் முள், மராபூ என்று விற்கும் வான்கோழி இறகில் புசுபுசுவென்று வால், ஷெனில் நூலில் உடம்பு, மேலே கோழியிறகைச் சுற்றிவிட்டால் சரி. கோணலாக வந்தாலும் மீன் கடிக்கும். கலரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். முள்ளை வைஸில் மாட்டுவதற்கு முன்னால் நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிட்டுக் கொடுங்கள். விரலில் ஏறினாலும் சுலபமாக எடுத்துவிடலாம்.