பயற்றை மூட்டுப்பூச்சி மருந்துக்கு அடங்காதது ஏன்? பூச்சிக்குள் வாழும் பற்றீரியாக்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி: உரும்பிராயில் ஆறு பரப்புச் செம்மண் தோட்டத்தில் பயற்றையும் மிளகாயும் செய்து வருகிறேன். மாசி மாதத்தில் பயற்றைக் கொழுந்துகளை மூடியிருந்த கறுப்பு அழுக்கணவன், நான் மருந்து எதுவும் அடிக்காமலே சித்திரை வெயிலோடு குறைந்துவிட்டது. ஆனால் அதே வெயிலில் மிளகாயில் வெண் ஈ பெருகியது. பயற்றைக் காயில் சாறு உறிஞ்சும் நீண்ட கால் மூட்டுப்பூச்சியோ, சில போகங்களாக நான் அடித்து வரும் மருந்துக்கு இப்போது அசைவதேயில்லை. பூச்சியின் வயிற்றிலுள்ள பற்றீரியா மருந்தைத் தின்றுவிடுகிறது என்றும், மாட்டுக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கொல்லியைக் கரைத்து விசிறினால் பூச்சி செத்துவிடும் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். இதில் உண்மை உண்டா ஐயா? அப்படிச் செய்யலாமா?

பதில்: நுண்ணுயிர்கொல்லியைத் தோட்டத்தில் விசிறவே வேண்டாம், காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். ஆனால் உங்கள் நண்பர் கூறியதன் முதற்பாதி வெறுங்கதையன்று. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சமிக்கச் செய்வது போல, சாறு உறிஞ்சும் பூச்சிகள் பலவற்றின் உடலுக்குள்ளும் பற்றீரியாக்கள் குடியிருந்து, அவற்றுக்கு உணவில் கிடைக்காத சத்துகளை ஆக்கிக் கொடுக்கின்றன. செடியின் சாற்றில் வெல்லம் மிகுதி, அத்தியாவசிய அமினோ அமிலங்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்பும் பற்றீரியா இல்லாமற்போனால் அழுக்கணவனால் ஒழுங்காக வளரவோ குட்டிகளை ஈனவோ முடியாது. இந்த உள்ளுயிர்கள் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே விதமாக இருப்பதில்லை என்பதே உங்கள் மூன்று கேள்விகளையும் இணைக்கும் செய்தி. வெயில், பூச்சி உண்ணும் செடி, மண், நாம் விசிறும் மருந்து ஆகிய எல்லாமே அவற்றை மாற்றுகின்றன.

முதலில் மூட்டுப்பூச்சியைப் பார்ப்போம். நீங்கள் விவரிப்பது ரிப்டோர்டஸ் என்னும் அவரையினப் பூச்சியாக இருக்கக்கூடும். யப்பானில் சோயாவைத் தாக்கும் அதன் உறவினத்தை ஆராய்ந்தவர்கள், பேர்க்கோல்டீரியா என்னும் பற்றீரியா அதன் நடுக்குடலின் பின்பகுதியிலுள்ள நுண்ணிய பைகளில் வாழ்வதையும், தாய்ப்பூச்சி அதைத் தன் முட்டை வழியாகக் கொடுப்பதில்லை என்பதையும், ஒவ்வொரு தலைமுறையிலும் அணங்குகள் (சிறகு முளைக்காத இளம் பூச்சிகள்) அதைப் புதிதாக மண்ணிலிருந்தே பெற்றுக்கொள்வதையும் 2007 இல் காட்டினார்கள். அதாவது, உங்கள் மண்ணில் எந்த வகைப் பேர்க்கோல்டீரியா இருக்கிறதோ அதுவே பூச்சியின் குடலுக்குள்ளும் போகிறது. 2012 இல் அதே குழுவினர் இன்னொரு படி மேலே சென்றார்கள். பெனித்ரோதியன் என்னும் ஒர்கனோபொசுபேற்று மருந்தைத் திரும்பத் திரும்ப இட்ட மண்ணில், அந்த மருந்தையே உணவாகக் கொண்டு சிதைக்கும் பேர்க்கோல்டீரியா வகைகள் பெருகுகின்றன. அவற்றை உட்கொண்ட மூட்டுப்பூச்சிகள் அந்த மருந்தைத் தாங்கி உயிர் பிழைக்கின்றன. யப்பானின் தெற்கேயுள்ள மினாமிதைத்தோ என்னும் தீவில் கரும்பைத் தாக்கும் வேறொரு மூட்டுப்பூச்சியிலும், வயல்வெளியில் பிடித்தவற்றுள் ஒரு பகுதியினவற்றில், இத்தகைய பற்றீரியா இருந்தது.

இதன் கருத்து சாதாரணமானதன்று. மருந்துக்கு எதிர்ப்பு உண்டாக வேண்டுமானால் பூச்சியின் சொந்த மரபணு பல தலைமுறைகளில் மாற வேண்டும் என்றே நாம் நினைத்திருந்தோம். இங்கோ பூச்சி மாறாமலே, மண் மாறியதால் எதிர்ப்பு கிடைக்கிறது. இலையில் அடித்த மருந்தில் கணிசமான பங்கு வழிந்து மண்ணில் விழுகிறது என்பதை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆயினும் உங்கள் தோட்டத்தில் நடந்ததும் இதுவே என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். மேற்சொன்னது பெனித்ரோதியனுக்கு நிறுவப்பட்ட செய்தி; நீங்கள் எந்த மருந்தை அடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்ததால் பூச்சியின் உடலிலேயே எதிர்ப்பு வளர்ந்திருக்கலாம். அளவு குறைந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: நமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாகக் காரத்தன்மையுடையது, ஒர்கனோபொசுபேற்று மருந்துகளுள் பல, கார நீரில் கலந்து நெடுநேரம் வைத்தால் வீரியம் இழக்கும். காலையில் கலந்து, இடையில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் விசிறும் வழக்கம் உங்களிடம் இருந்தால் பற்றீரியாவைக் குறை சொல்லுமுன் அதை நிறுத்துங்கள்.

அடுத்தது அழுக்கணவன். அதற்குள் வாழும் புக்னேரா என்னும் பற்றீரியா தாயிடமிருந்து குட்டிக்கு நேரே செல்வது. பல கோடி ஆண்டுகளாகப் பூச்சிக்குள்ளேயே அடைந்து வாழ்ந்ததால் தன் மரபணுக்களிற் பெரும்பகுதியை இழந்துவிட்டது, அதனால் வெப்பத்தைத் தாங்கும் வலிமையும் அதற்குக் குறைவு. பட்டாணி அழுக்கணவனில் 2007 இல் வெளியான ஆய்வொன்று, புக்னேராவின் மரபணுத்தொகுதியில் ஒரேயோர் எழுத்து விடுபட்டிருந்தாலே, சில மணிநேரம் கடும் வெப்பத்துக்கு உட்பட்ட பூச்சிகளின் இனப்பெருக்கம் வீழ்ந்துவிடுகிறது என்றும், குளிர்ந்த சூழலில் அதே மாற்றம் உடையவை நன்றாகப் பெருகுகின்றன என்றும் காட்டியது. சித்திரையில் யாழ்ப்பாணத்து நண்பகல் வெப்பம் 33 முதல் 35 பாகை செல்சியசு வரை செல்லும்போது இத்தகைய நெருக்கடி உங்கள் அழுக்கணவனுக்கும் நேர்ந்திருக்கலாம். ஆனால் பட்டாணி அழுக்கணவன் குளிர்நாட்டுப் பூச்சி, நமது கறுப்பு அழுக்கணவன் வெப்பத்துக்கு ஓரளவு பழகியது. ஆகவே முற்றிய கொடி, சிறகு முளைத்துப் பறந்து போனவை, பொறிவண்டுகள் ஆகியவற்றுக்கும் உரிய பங்கைக் கொடுக்க வேண்டும்.

செடியும் முக்கியம். நம் பயற்றையில் காணும் அதே கறுப்பு அழுக்கணவனை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, குதிரைமசாலில் வாழ்ந்தவற்றில் ஒட்டுண்ணிக் குளவிகளிடமிருந்து காக்கக்கூடிய ஒரு பற்றீரியாவும், ஒருவகை அவரையின மரத்தில் வாழ்ந்தவற்றில் வேறொரு பற்றீரியாவும் இருந்தன. நம்மூரில் இப்பூச்சி வேலியில் நிற்கும் கிளிரிசிடியாக் கொழுந்திலும் குந்துவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வேலியில் இருப்பதையும் பாத்தியில் இருப்பதையும் ஒன்றென்று எண்ணி வேலிக்கும் சேர்த்து மருந்தடிப்பவர்கள் உண்டு. இரண்டுக்குள்ளும் வாழும் பற்றீரியா வேறாக இருக்கலாம்; வேலிக்கு அடிக்கும் மருந்து அங்கே வளரும் குளவிகளையும் வண்டுகளையும் அழித்துவிடும்.

வெண் ஈயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் ரிக்கெட்சியா என்னும் பற்றீரியா ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் வெண் ஈக் கூட்டம் அநேகமாக முழுவதிலும் பரவியதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கொண்ட ஈக்கள் அதிகம் முட்டையிட்டன, அவற்றின் குஞ்சுகளில் அதிகமானவை பிழைத்தன, பெண் ஈக்களின் விகிதமும் கூடியது. ரிக்கெட்சியா கொண்ட வெண் ஈக்கள் 40 பாகை வெப்பத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியதையும் ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். வெயில் ஒரு பூச்சியை ஒடுக்கி இன்னொன்றை வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம், என்றாலும் மழையில்லாத வறட்சிக் காலம் வெண் ஈக்கு எப்படியும் வசதியானதே.

இனி நுண்ணுயிர்கொல்லி. ஆய்வுகூடத்தில் அதைக் கொண்டு பூச்சியின் பற்றீரியாவை அழிக்க முடிகிறது என்பது மெய். தோட்டத்தில் விசிறினால் அது பூச்சியைத் தேடிப் போவதில்லை. பயற்றையின் வேர்முடிச்சுகளில் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாவையும் அது தாக்கலாம். செம்மண்ணினூடாகக் கிணற்றுக்கும் இறங்கலாம். மனிதருக்கும் மாட்டுக்கும் நோய் தரும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடவும் கூடும். அந்தக் கிணற்றிலேதான் நீங்களும் தண்ணீர் அள்ளுகிறீர்கள்.

செய்யக்கூடியது இது. அடுத்த போகத்தில் அந்தப் பாத்திகளில் பயற்றையை விட்டுச் சின்ன வெங்காயம் வையுங்கள். அவரையினத்தை நம்பி வாழும் மூட்டுப்பூச்சிக்கு அங்கே காயும் இல்லை, அணங்குகளுக்கு உணவும் இல்லை. மருந்து தேவைப்படும்போது பெயர் வேறான போத்தலை அன்றி, செயற்படும் முறை வேறான மருந்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு மருந்துகளை மாறி மாறி அடிப்பது மாற்றமன்று. அணங்குகள் தென்படும் தொடக்கத்திலேயே, காலை வேளையில், காய்க்கொத்துகளில் மட்டும் படுமாறு விசிறுங்கள். பாத்தி நனைய ஊற்ற வேண்டாம். யூரியாவை அளவோடு இடுங்கள். நைதரசன் மிகுந்த கொழுந்தின் சாறு அழுக்கணவனுக்கும் வெண் ஈக்கும் விருந்து.

அதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பழைய மருந்தைக் கொள்கலனில் எழுதிய அளவில் புதிதாகக் கலந்து ஒரு பயற்றைக் கொத்திலும், வெறும் தண்ணீரை இன்னொரு கொத்திலும் தெளியுங்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் வலைத்துணியால் மூடிய போத்தலில் இட்டு, ஒரே அளவான மூட்டுப்பூச்சிகளைச் சம எண்ணிக்கையில் விட்டு, மறுநாள் செத்தவற்றை எண்ணுங்கள். இரண்டிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அந்த மருந்துக்கு இனிப் பணம் செலவழிக்க வேண்டாம்; மருந்திட்ட போத்தலில் மட்டும் பெரும்பாலானவை செத்திருந்தால் குறை கலக்கும் அளவிலோ நீரிலோ விசிறும் நேரத்திலோ இருக்கிறது. மருந்தின் பெயரையும் அந்த எண்ணிக்கையையும் எழுதி அனுப்பினால் அடுத்து எதை அடிப்பது என்று திட்டமாகச் சொல்லலாம்.