விளக்கு போட எதற்கு லாகின்? கணக்கில்லாமல் ஸ்மார்ட் சாதனங்களைப் பயன்படுத்த வழி இருக்கிறதா?

வாங்கியபோது கணக்கு எதுவும் கேட்காத விளக்கு, ஆப் அப்டேட் ஆனதும் லாகின் செய்தால்தான் எரிவேன் என்கிறது, ஏன் இப்படிச் செய்கிறார்கள், தப்பிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி பெரும்பாலும் உண்டு. ஆனால் அது உங்கள் விளக்குக்குள் என்ன சிப் இருக்கிறது, அது யாரோடு பேசுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் "ஏன்" என்பதைப் பார்த்துவிடலாம்.

வைஃபை விளக்கு ஒன்று மின்சாரம் வந்தவுடன் செய்யும் முதல் வேலை, கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு "நான் இருக்கிறேன்" என்று சொல்வது. அந்த இணைப்பை அப்படியே திறந்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஃபோனில் உள்ள ஆப்பும் அதே சர்வரோடுதான் பேசுகிறது. நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்தால், அந்தக் கட்டளை வீட்டை விட்டு வெளியே போய், எங்கோ இருக்கும் ஒரு டேட்டா சென்டரைத் தொட்டுவிட்டு உங்கள் கூரைக்குத் திரும்பி வருகிறது. எந்த ஃபோன் எந்த விளக்கை அணைக்கலாம் என்று அந்தச் சர்வருக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் கணக்கு.

இதில் நியாயமான பகுதியும் உண்டு. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டு விளக்கைப் போட வேண்டுமென்றால், உங்கள் ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உள்ளே விடாது. நடுவில் ஒருவர் நின்று இரு பக்கத்தையும் சேர்த்துவைக்க வேண்டும். அதே மாதிரி, பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் இந்த ஆப்கள் லொகேஷன் அனுமதி கேட்பதை எல்லோரும் திட்டுகிறார்கள். அதில் பாதிப் பழி ஆண்ட்ராய்டுக்குப் போக வேண்டும்: பக்கத்தில் உள்ள ப்ளூடூத் சாதனத்தைத் தேடுவதற்கே அந்த அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு 11 வரை விதி வைத்திருந்தார்கள்.

ஃபோனும் விளக்கும் ஒரே வைஃபையில் இருக்கும்போது நடுவில் யாரும் தேவையில்லை. அப்போதும் ஏன் சர்வர் வழியாகவே போகிறார்கள்? நேர்வழி, சுற்றுவழி என்று இரண்டையும் எழுதி, சோதித்து, பராமரிக்கச் செலவு ஆகும். சுற்றுவழி எப்படியும் வேண்டும் என்பதால் அதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மலிவான பிராண்டுகள் பல அதைக்கூடச் சொந்தமாகச் செய்வதில்லை. டூயா மாதிரி ஒரு நிறுவனம் சிப், ஆப், சர்வர் எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகத் தருகிறது, இவர்கள் மேலே தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டூயா சாதனங்கள் பலவற்றுக்கு வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசத் தெரியும். 6668 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில், காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பேச்சைப் பூட்டிவைக்கும் ரகசியச் சாவி மட்டும் அவர்கள் கிளவுடில் இருக்கிறது. லாகின் செய்தால்தான் கைக்கு வரும், சாதனத்தை ஆப்போடு மறுபடி இணைத்தால் மாறிவிடும்.

என் வீட்டில் ஒரு ஸ்மார்ட் ப்ளக் இருந்தது. பிராண்ட் பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டைதான். ரவுட்டரில் இணையம் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, வைஃபையை விட்டுவைத்து, ஃபோனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துப் பார்த்தேன். ப்ளக் கைக்கெட்டும் தூரத்தில் பச்சை விளக்கோடு உயிரோடுதான் இருக்கிறது. ஆப்பில் அதன் படம் சாம்பல் நிறமாகி, "சாதனம் ஆஃப்லைனில் உள்ளது, உங்கள் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று வந்தது. ப்ளக்கின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் உடனே க்ளிக் என்று வேலை செய்தது. ஆஃப்லைன் ஆனது கம்பெனியோடு இருந்த உறவு மட்டும்தான், பழி மின் இணைப்பின் மேல்.

சோம்பேறித்தனமும் சிக்கனமும் மட்டும்தான் காரணம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது அடுத்த விஷயம். கணக்கு என்று ஒன்று வந்துவிட்டால், விற்ற பிறகும் விதிகளை மாற்றும் பிடி அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு நடந்ததே அதுதான். 2023 செப்டம்பரில் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளை விற்கும் சிக்னிஃபை நிறுவனம், இனி ஆப்பைப் பயன்படுத்தக் கணக்கு கட்டாயம் என்று அறிவித்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். அதுவரை கணக்கில்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அமைப்பு அது. 2020 மே மாதம் விங்க் என்ற நிறுவனம் இதைவிட ஒரு படி மேலே போனது: மாதச் சந்தா கட்டாவிட்டால் ஏற்கெனவே வாங்கிய ஹப் (வீட்டுச் சாதனங்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வேலை செய்யாது என்று சொல்லி, முடிவெடுக்க ஒரு வாரம் அவகாசம் கொடுத்தது.

சேம்பர்லெயின் கதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கார் ஷெட் கதவைத் திறக்கும் மோட்டார்கள் செய்யும் அமெரிக்க நிறுவனம். அதன் மைக்யூ சேவையை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வெளி மென்பொருள்களோடு இணைத்துப் பலர் பயன்படுத்தி வந்தார்கள். 2023 அக்டோபரில் அந்த வழியை அடைத்தார்கள். நிறுவனம் சொன்ன காரணம்: இப்படிப் பயன்படுத்துவோர் மொத்தப் பயனர்களில் 0.2 சதவீதம்கூட இல்லை, ஆனால் சர்வருக்கு வரும் போக்குவரத்தில் பாதிக்கு மேல் அவர்களுடையது. எண்ணைப் பார்த்தால் கம்பெனி பக்கம்தான் நியாயம் போலத் தெரியும். அந்தப் போக்குவரத்து எங்கிருந்து வந்தது? கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கதவிடமே கேட்க வழியில்லாததால், வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஓயாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவிலேயே ஒரு நேர்வழி வைத்திருந்தால் சர்வருக்கு ஒரு கேள்விகூடப் போயிருக்காது. பிறகு ஹோம் அசிஸ்டன்ட்காரர்கள் மைக்யூ இணைப்பையே நீக்கிவிட்டார்கள். பயனர்கள் பலர் ராட்ஜிடிஓ என்ற சின்ன போர்டை வாங்கி, மோட்டாரின் ஒயரிலேயே மாட்டிக்கொண்டு கம்பெனியைச் சுற்றிப் போய்விட்டார்கள்.

கம்பெனியே போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணத்துக்குக் குறைவில்லை. ரிவால்வ் என்ற ஹப்பைக் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, ஹப் வெறும் பிளாஸ்டிக் ஆனது. பெல்கின் தன் வீமோ சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேவையை நிறுத்த 2026 ஜனவரி 31 என்று நாள் குறித்தது. அவர்களாவது முன்கூட்டியே சொன்னார்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சர்வரை அணைத்துவிட்டது. ஆப் வேலை செய்யவில்லை என்றதும், வழக்கமாக எல்லோரும் செய்வது போலச் சிலர் ஹப்பை ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். மறுபடி அமைக்க சர்வர் வேண்டும், சர்வர் இல்லை, அதோடு முடிந்தது. ரீசெட் செய்யாமல் விட்டவர்கள் ஹோம் அசிஸ்டன்ட் வழியாக ஹப்போடு நேராகப் பேசிச் சமாளித்தார்கள். பிறகு ஜூன் மாதம் அதன் பயனர்களிலேயே ஒரு குழுவினர் நிறுவனத்தை வாங்கிச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது தனிக் கதை.

கம்பெனி நன்றாக இருந்தாலும் அது வாடகைக்கு எடுத்த சர்வர் படுத்துவிடலாம். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் சர்வர் வாடகைச் சேவையான ஏடபிள்யூஎஸ் தடுமாறியபோது, எய்ட் ஸ்லீப் என்ற ஸ்மார்ட் மெத்தைகள் சில சூடு குறையாமலும், சாய்த்து வைத்த நிலையிலேயே மாட்டிக்கொண்டும் நின்றன. அதற்குப் பிறகுதான் ப்ளூடூத் வழியாகக் கட்டுப்படுத்தும் மாற்று ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முடியும் என்றால் முதலிலேயே செய்திருக்கலாமே?

கேமராவைப் பற்றி ஒன்று மட்டும். 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கோளாறால் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் போயின. விளக்குக்குக் கணக்கு கேட்பது எரிச்சல். வீட்டுக்குள் இருக்கும் கேமரா கணக்கில்லாமல் இயங்காது என்றால் நான் அதை வாங்கவே மாட்டேன்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒரு தொல்லை உண்டு. வீடு எல்லோருக்கும் பொது, கணக்கு ஒருவர் பெயரில். அவர் ஃபோனைத் தொலைத்தாலோ, பாஸ்வேர்டை மறந்தாலோ, வீட்டை விட்டே போய்விட்டாலோ, மற்றவர்கள் சுவர் ஸ்விட்சை நம்பி நிற்க வேண்டியதுதான். அதைவிட மோசம், போனவர் எங்கிருந்தோ இந்த வீட்டின் விளக்கையும் பூட்டையும் தொடர்ந்து இயக்கலாம். பழைய சாதனத்தை இரண்டாம் கையாக வாங்கினாலும் இதே சிக்கல்: முந்தைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து நீக்காதவரை சில சாதனங்கள் உங்களோடு சேரவே சேராது.

சரி, வழிக்கு வருவோம். உங்கள் விளக்கில் ஜிக்பீ (வைஃபை இல்லாத வேறொரு ரேடியோ முறை) என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. ஜிக்பீ விளக்குக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது, பக்கத்தில் உள்ள ஹப்போடு மட்டும்தான் பேசும். பழைய ஹப்பிலிருந்து முறையாக நீக்கிவிட்டு, யூஎஸ்பி குச்சி மாதிரி இருக்கும் ஒரு ஜிக்பீ டாங்கிளில் சேர்த்துக்கொள்ளலாம். ஹியூ விளக்குகளும் இந்த வகைதான். டாங்கிளைச் சொருக ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரோ போதும். ஹோம் அசிஸ்டன்ட் 2013இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். 2024இல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் வந்தது. இதிலும் பயனர் பெயர், பாஸ்வேர்ட் உண்டு, ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஒரு மாலைப்பொழுதில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வப்போது அப்டேட்டில் ஏதாவது உடையும், உட்கார்ந்து சரிசெய்யப் பொறுமை வேண்டும்.

வைஃபை விளக்கு என்றால் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது. இஎஸ்பி8266 மாதிரி சிப் இருந்தால் டாஸ்மோட்டா அல்லது இஎஸ்பிஹோம் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்றிவிடலாம், கம்பெனியின் மென்பொருளே போய்விடும். புதியவற்றில் பீக்கன் சிப்கள் நிறைய வருகின்றன, அவற்றுக்கும் ஓப்பன்பீக்கன் என்ற மாற்று ஃபர்ம்வேர் இருக்கிறது. திறந்து ஒயர் வைத்து ஏற்றுவதாக இருந்தால், மெயின் கரண்டில் சொருகியபடி ஒருபோதும் செய்யாதீர்கள். இந்த மலிவான சாதனங்களில் சிப் இருக்கும் பக்கமும் மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்படாமலேயே இருக்கும். தொட்டால் கம்ப்யூட்டர் போவது ஒருபுறம், ஆளே போய்விடலாம்.

இவ்வளவு வேண்டாம் என்றால், ஒருமுறை மட்டும் தனி ஈமெயிலில் கணக்கு திறந்து, டூயா வகையாக இருந்தால் அந்த ரகசியச் சாவியை எடுத்துக்கொண்டு, பிறகு ரவுட்டரில் அந்த விளக்குக்கு இணையத்தை அடைத்துவிடலாம். சில சாதனங்கள் அமைதியாக வேலை செய்யும், சில சர்வரைத் தேடி விடாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த முறை வாங்கும்போது மேட்டர் முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2022 அக்டோபரில் வந்த தரநிலை அது, கட்டளைகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகும்படி வடிவமைத்தது. பெட்டியில் உள்ள கியூஆர் கோடை, அல்லது 11 இலக்க எண்ணை, வேறு கம்பெனியின் ஆப்பிலும் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கோடைப் படமெடுத்து வையுங்கள், தொலைந்தால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. முத்திரை இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை: போடு, அணை, வெளிச்சத்தைக் குறை என்பதை மட்டும் மேட்டரில் விட்டுவிட்டு, மற்ற வசதிகளையும் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் சொந்த ஆப்புக்குள் பூட்டிவைக்கும் பிராண்டுகள் உண்டு. ஷெல்லி மாதிரி, சாதனத்துக்குள்ளேயே ஒரு வெப் பக்கம் வைத்து, கிளவுட் வேண்டுமா என்பதை உங்களிடமே விடுபவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நான் மேலே சொன்ன கேபிள் சோதனையைச் செய்துவிடுங்கள். சோதனையின் நடுவில் சாதனத்தையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சில சாதனங்கள் பழைய லாகினை வைத்துக் கொஞ்ச நேரம் நடிக்கும்.

சட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் தருவோம் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல், உங்கள் சாதனம் உருவாக்கும் தரவைக் கேட்டு வாங்கும் உரிமை வந்திருக்கிறது. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2024இல் 184 சாதனங்களைப் பார்த்ததில், ஏறத்தாழ 89 சதவீதத்தின் விற்பனைப் பக்கத்தில் அப்டேட் காலமே குறிப்பிடப்படவில்லை. நல்ல வேலைகள்தான். ஆனால் இவை எதுவும் கணக்கில்லாமல் விளக்கு எரிய வேண்டும் என்று சொல்லவில்லை.

உங்கள் விளக்கின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். அதையும், ஹப் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்பதையும் சொன்னால், எந்த வழி ஒத்துவரும் என்று பார்க்கலாம். அதுவரை ஆப்பை டெலீட் செய்யவோ ரீசெட் பட்டனை அழுத்தவோ வேண்டாம்.