வாசகர் கேள்வி பதில்: முதலில் விழப் பழகட்டும்

கேள்வி: மகள் ஒரு மாதமாக ஜூடோ பழகப் போகிறாள். இன்னும் விழுவதைத்தான் பழக்குகிறார்கள். நேரம் வீணாகிறதா?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: இல்லை அம்மா, மாஸ்டர் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ சிறுவயதில் மெலிந்த உடம்புக்காரர். வலிய பையன்களின் தொல்லை தாங்காமல் ஜுஜுட்சு எனும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகப் போனவர். 1882இல், 21 வயதில், டோக்கியோவில் ஒரு கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார். அடி, குத்து போன்ற ஆபத்தானவற்றை 'கதா' எனும் முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசைகளுக்குள் ஒதுக்கிவிட்டு, முழுப்பலத்தோடு எறிந்து பழகும் ரந்தோரியை நடுவுக்குக் கொண்டுவந்தார். அப்படி எறிபட்டவர் எழும்பி மறுபடி வர வேண்டுமே! அதற்குத்தான் 'உகெமி' எனும் விழும் பயிற்சி.

மகள் பின்பக்கம் விழுவதைப் பாருங்கள். குந்தியிருந்து, முதுகை வளைத்து உருள வேண்டும். நாடி நெஞ்சோடு ஒட்டி, கண் பட்டியின் முடிச்சில் இருக்க வேண்டும். இல்லையேல் பிடரி அடிபடும். முதுகு தரையில் படும் கணத்தில் இரு கைகளும், உடம்பிலிருந்து 30–45 பாகை விலகி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒன்றாகத் தரையை அறைய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றுவதுதான் பிள்ளைகள் விடும் முதல் பிழை. மணிக்கட்டு முறிவது அதனால்தான்.

கேள்வி: கராத்தேக்கும் கானோவுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு மாணவர், வவுனியா

பதில்: நிறையவே. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனாகோஷியை 1922இல் கொடோகானுக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்ட வைத்தவர் அவர்தான். நீங்கள் கட்டும் பட்டியும் 'டான்' எனும் கறுப்புப் பட்டித் தரமும் ஜூடோவிலிருந்து வந்தவை.

கேள்வி: மெத்தை வாங்க வசதியில்லை. கிரவல் திடலில் பழகலாமா?
– ஓர் இளைஞர், கிளிநொச்சி

பதில்: கிரவலில் வேண்டாம். ஜப்பானியரின் தத்தாமிப் பாயின் உள்ளே இருந்ததும் நெல் வைக்கோல்தான். ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் உயர வைக்கோலை 5 சென்ரிமீற்றராக இறுக்குவார்கள். எங்களிடம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. நன்றாகக் காயவைத்து, ஒரு படையை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் பரப்பி, படைக்குப் படை மிதித்து இறுக்குங்கள். தளர்வாக விட்டால் கால் புதைந்து முழங்கால் திரும்பிவிடும். மேலே தறப்பாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்; முளைகள் எட்டத் தள்ளி இருக்கட்டும். குந்தியிருந்து விழுவதற்கு மட்டும் இது போதும். எறிந்து பழக மெத்தை வேண்டியதுதான். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் தறப்பாளைக் கிளப்பி, பாம்பு, பூரான் இருக்கிறதா என்று தடியால் தட்டிப் பாருங்கள்.